அம்மன் பெயருக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருபது வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். போன வாரம் ஆடிக் கூழுக்கு அழைப்பு எழுத போனில் 'ரே' என்று தொட்டதுமே 'ரேணுகாம்பாள்' என்று மீதியை அதுவே போட்டது. எங்கள் அம்மனாயிற்றே, கும்பிட்டேன். அடுத்த நிமிஷம் அந்தப் பழைய சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது.

இருபது வருஷத்துக்கு முன் ஆரணியில் டைப்பிங் சென்டர் வைத்திருந்தேன். பக்கத்தில் பட்டுக்குச் சாயம் காய்ச்சுவார்கள். இன்றைக்கும் அந்த வாடை அடித்தால் எனக்குக் கீபோர்டுதான் ஞாபகம் வரும். பத்தாவது இங்கிலீஷில் ரெண்டாம் தடவை தேறிய நான்தான் ஊராருக்கு இங்கிலீஷில் வேலை விண்ணப்பம் அடித்துக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள். தப்பான வார்த்தைக்குக் கீழே கம்ப்யூட்டர் சிவப்பாக ஒரு நெளிகோடு போடுமே, அதுதான் என் தைரியம். கோடு இல்லையென்றால் சரி என்று அர்த்தம்.

எதை அடித்தாலும் முதலில் பிள்ளையார் சுழி, கீழே 'ரேணுகாம்பாள் துணை'. பிரிண்ட் போடும்போது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அழித்துவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை தெள்ளாரிலிருந்து ஜெயந்தி வந்தாள், முன்பும் ரெண்டு தடவை வந்தவள்தான். நர்ஸ் படிப்பு முடித்த பெண், வீட்டில் எல்லாரும் கூலி வேலை. விண்ணப்பம் அன்று சாயந்திரத்துக்குள் தபாலில் சேர வேண்டும். ஒரு கோடுகூட விழாமல் அடித்து முடித்தேன். எனக்கே பெருமை. அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, ஆஸ்பத்திரின்றதே தப்பா கீதே?"

"தப்புன்னா கோடு வந்திருக்குமேம்மா."

வேண்டுமென்றே கண்டபடி அடித்தேன். கோடு வரவில்லை. சரிபார்க்கும் பட்டனை அழுத்தினால், எல்லாம் முடிந்தது என்றது. அணைத்துப் போட்டேன். புது ஃபைல் திறந்தேன். கற்பூரம்கூட ஏற்றினேன். ஒன்றும் புரியவில்லை.

"பேஜாரா பூட்ச்சேண்ணா, தபாலாபீஸ் மூடிடுவாங்க" என்றவள், சட்டென்று கேட்டாள்: "முன்னல்லாம் சாமி பேர் கீழ கோடு வந்துகினு இருக்குமே, அத்த இன்னா பண்ணீங்க?"

அப்போதுதான் உறைத்தது. அப்போதைய தமிழ் ஃபாண்டில் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துதான்; பார்க்க நமக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் குப்பை. அதனால் அம்மன் பெயருக்குக் கீழே எப்போதும் சிவப்புக் கோடு ஓடும். வாத்தியார் போட்ட சுழி மாதிரி இருக்கும், பொறுக்காது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, அந்தப் பெயரை மட்டும் தேர்ந்து, 'சரிபார்க்காதே' என்ற கட்டத்தில் டிக் வைத்திருந்தேன். இனிமேல் எல்லா ஃபைலுக்கும் இப்படியேவா என்று கேட்டது. அம்மனுக்குத்தானே என்று, ஆமாம் போட்டுவிட்டேன்.

டிக்கை எடுக்கக் கை வரவில்லை.

"சாமி கோச்சிக்காதுண்ணா, ஜல்தி!"

எடுத்தேன். அவள் விண்ணப்பம் முழுக்கச் சிவப்பு. அம்மன் பெயருக்குக் கீழேயும்தான். திருத்தினோம், ஓடினாள். வேலை கிடைத்து ஸ்வீட்டோடு வந்தாள். நான் வாயில் போடாமல் அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே இன்னும் நாலு பேருக்கு அடித்துக் கொடுத்திருந்தேன். கோடே இல்லை, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தேன். பிரிண்ட் போட்டதும் ஃபைலை அழித்துவிடுவது வழக்கம். பெயரும் ஞாபகமில்லை, ஒருத்தர் தேசூர்க்காரர் என்பது மட்டும் நினைவிருக்கிறது. பக்தியால் செய்தது பாவமாகுமா என்று இன்னும் விளங்கவில்லை.

சென்டர் இருந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். தப்பைக் காட்டுகிற கோடும் போயிற்று. போன் சொல்லாமலே திருத்திவிடுகிறது.

யாருக்காவது இதை அனுப்பினால் ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்புங்கள். அந்த நாலு பேரில் ஒருத்தர் கண்ணில் பட்டால், விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் போயிருந்தால் அது தன் குறையால் இல்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.