அத்தாரா குடித்த தண்ணீர்

அத்தாராவுக்குச் சிரிப்பை அடக்க வராது. விடியலில் தரையில் உதிர்ந்து கிடக்கும் உணவான மன்னாவைப் பொறுக்கும் இடத்தில், ஊற்றங்கரையில், ஆட்டுக்கிடையில், எங்கே யார் தடுக்கி விழுந்தாலும் முதலில் கேட்பது அவள் சிரிப்பாகத்தான் இருக்கும். எகிப்திலிருந்து வந்து வனாந்தரத்தில் பாளையம் இறங்கியிருந்த ஜனத்தில், காத் கோத்திரத்தார் கூடாரங்களில் எல்லோருக்கும் அது பழகிப்போன சத்தம். அவள் கணவன் அரேலிக்கு மட்டும் பழகவில்லை.

அரேலி பெரிய மந்தைக்காரன். வாய் திறந்து பேசுவது அபூர்வம். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் கூடாரத்தில் தொட்டில் ஆடவில்லை. புருஷன் செத்தபின் தம்பியோடு வந்து ஒட்டிக்கொண்ட அவன் அக்கா மாக்கா, அதற்கும் அத்தாராவின் சிரிப்பையே காரணம் காட்டுவாள்.

"இப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா வயித்துல எதுடி தங்கும்?"

"சிரிக்காதவங்க வயித்துல மட்டும் என்ன தங்கிச்சாம் மதினி?" என்று கேட்டுவிட்டு அதற்கும் சிரிப்பாள் அத்தாரா. மாக்காவுக்கும் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை மாக்கா மறக்கவே இல்லை.

அரேலியின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவன் ஏரான். ஒரு கால் சற்று இழுக்கும். ஆடுகளுக்கெல்லாம் பாளையத்துப் பெரிய மனிதர்களின் பெயர்களை வைத்து ரகசியமாகக் கூப்பிடுவான். அத்தாரா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பதை அரேலி ஒரு நாள் பார்த்தான். அன்று சாயங்காலம் தன் பங்காளிகள் இருவரை வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் சொன்னான்:

"இனிமே அவன் நிக்கிற இடத்துல நீ தனியா நிக்கக் கூடாது. இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

"ஏங்க, ஆட்டுக்குப் பேரு வச்சான், சிரிச்சேன். இதுக்குச் சாட்சியா?"

"சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க."

அதற்குப் பிறகு ஏரான் வரும் பக்கம்கூட அவள் திரும்பவில்லை. ஆனால் காற்று யார் சொல்லையும் கேட்டு வீசுவதில்லையே. ஒரு மத்தியானம் தெற்கிலிருந்து மணல் எழும்பி வந்தது. கிடை சிதறியது. சினையாடு ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடிய அத்தாரா, கண்ணைத் திறக்க முடியாமல் கையால் தடவித் தடவி ஒரு பாறைக்குடைவுக்குள் நுழைந்தாள். உள்ளே ஏரான் இரண்டு குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, நீங்க இங்க இருக்கக் கூடாது" என்றான் அவன், பயந்துபோய்.

"வெளிய போனா மணல்ல புதைஞ்சிடுவேன். நீ அந்த மூலையில இரு, நான் இந்த மூலையில இருக்கேன்."

அப்படியே இருந்தார்கள். காற்று அடங்குகிற நேரத்தில் ஒரு குட்டி பலமாகத் தும்மியது. "மூப்பருக்குச் சளி பிடிச்சிருச்சு" என்றான் ஏரான். அத்தாராவுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. அவளைத் தேடிக்கொண்டு பாறைக்கு வெளியே வந்து நின்ற மாக்காவின் காதில் விழுந்தது அந்தச் சிரிப்புதான்.

அரேலி பல நாட்கள் எதுவும் கேட்கவில்லை. அவள் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டான். அவள் விரித்த பாயில் படுக்கவில்லை. மிதியானிய வியாபாரிகளின் ஒட்டகங்கள் அந்த வழியே போனபோது, ஒரு கிடாயைக் கொடுத்து கொஞ்சம் வாற்கோதுமை வாங்கி வந்து கூடாரத்தின் நடுவில் வைத்தான். அத்தாரா அதைப் பார்த்தாள். மன்னா தின்கிற பாளையத்தில் வாற்கோதுமை எதற்கென்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். சந்தேகப்பட்ட புருஷன் மனைவியைக் கடவுளின் கூடாரத்து வாசலில், ஆசாரியர் கையால் கசப்புத் தண்ணீர் குடிக்க வைக்கக் கூட்டிப்போகும்போது கையில் கொண்டுபோகிற காணிக்கை அது.

"அந்தத் தண்ணியக் குடிக்க எனக்குப் பயமில்லை. நான் எந்தத் தப்பும் பண்ணல" என்றாள்.

அவன் எழுந்து வந்து அவள் தலைமுடியைப் பற்றினான். அடிப்பது அவனுக்குப் புதிதில்லை. ஆனால் அன்று அடி நிற்கவில்லை. கீழே விழுந்தவள் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாங்க, வயித்துல... வயித்துல இருக்கு."

முன்பு இரண்டு முறை நம்பி ஏமாந்திருந்ததால், நிச்சயமாகத் தெரியட்டும் என்று அதுவரை யாரிடமும் அவள் சொல்லவில்லை. அரேலியின் கை நின்றது. ஒரு கணம் அவன் முகத்தில் வேறென்னவோ தெரிந்தது. பிறகு கேட்டான்:

"யாருது?"

"ஐயோ, கணக்குப் பாருங்க. காத்து அடிச்சது இப்பத்தானே? இது அதுக்கு எவ்வளவு முன்னாடி! மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க, நான் எப்ப இருந்து விலக்குத் துணி கேக்கலன்னு உங்களுக்குத் தெரியுமே!"

மாக்கா கூடாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அரேலி காலைத் தூக்கினான்.

விடிந்தபோது அத்தாராவின் துணியில் ரத்தம் இருந்தது. மாக்காதான் முதலில் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது.

"மதினி, இன்னைக்குப் போக வேண்டாம்னு அவர்கிட்டச் சொல்லுங்க. தீட்டோட நான் எப்படி அந்த வாசல்ல கால் வைக்கிறது?"

மாக்கா அவள் பக்கத்தில் குனிந்து, வாயைக் காதருகே கொண்டுவந்தாள். "தண்ணிக்குப் பயந்து சாக்கு சொல்றான்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. துணிய நல்லா இறுக்கிக் கட்டிக்க. கொஞ்சம்தானே இருக்கு, நின்னுடும். வாயத் திறக்காத."

அப்படித்தான் போனார்கள்.

கடவுளின் கூடாரத்தைச் சுற்றிய பிரகாரத்துத் திரைக்கு வெளியே ஏற்கெனவே கூட்டம் கூடியிருந்தது. உள்ளே பலிபீடத்தில் காலைப் பலி எரிந்துகொண்டிருந்தது. கொழுப்புப் புகை தரையோடு தரையாக இழைந்தது. அன்று பலி செலுத்தும் முறை யாக்கீன் என்ற ஆசாரியருடையது. நடுத்தர வயது. நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். வெள்ளைச் சணல் அங்கியின் கைகளில் பழைய ரத்தக்கறை மங்கலாகப் படிந்திருந்தது.

அவர் அவள் முக்காட்டை எடுத்தார். பின்னலை அவிழ்த்தார். அவிழ்ந்த தலையோடு ஒரு பெண்ணைப் பார்க்கக் கூடியிருந்தவர்கள் முண்டியடித்தார்கள். எண்ணெயும் சாம்பிராணியும் சேராத அரைத்த வாற்கோதுமையின் வெறும் மாவை அவள் கைகளில் வைத்தார். நின்றுகொண்டே இருக்கச் சொன்னார். வெயில் ஏறியது. அலுத்துப்போய் ஒப்புக்கொள்ளட்டும் என்றுதான் அப்படி நிறுத்துவார்கள். மாவின் கனத்தில் தாழ்ந்த கைகளை அவள் மறுபடி தூக்கிப் பிடித்தாள். தொடைகளுக்கு நடுவில் துணி கனத்துக்கொண்டு வந்தது.

யாக்கீன் ஒரு மண்சட்டியில் தொட்டித் தண்ணீரை மொண்டார். எகிப்திலிருந்து கொண்டுவந்த, முகம் பார்க்கும் வெண்கலக் கண்ணாடிகளைப் பெண்கள் கொடுத்து வார்த்த தொட்டி அது. அதில் அத்தாராவின் அம்மா கொடுத்த கண்ணாடியும் இருந்தது. பிறகு கூடாரத்துத் தரையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தண்ணீரில் தூவினார்.

"பொண்ணே, தப்பு நடந்திருந்தா இப்பவே சொல்லிடு. குடிக்க வேண்டாம். உன்னை உன் புருஷன்கிட்ட இருந்து விலக்கி அனுப்பிடுவோம். அவ்வளவுதான்."

"ஒண்ணும் நடக்கல சாமி."

"அப்படின்னா இந்தத் தண்ணி உன்னை ஒண்ணும் பண்ணாது. நடந்திருந்தா உன் வயிறு வீங்கும், தொடை அழுகும், உன் பேரே உன் ஜனத்துக்குச் சாபமாகும். ஆமென் சொல்லு."

"ஆமென். ஆமென்."

சாபத்தைத் தோல்சுருளில் மையால் எழுதி, அந்த எழுத்தைத் தண்ணீரிலேயே கழுவினார். கருப்பு மெல்லப் பரவியது. அவள் கையிலிருந்த மாவில் ஒரு பிடியை எடுத்து நெருப்பில் போட்டார். வாற்கோதுமை கருகும் வாசனை வந்தது. சட்டியை அவள் வாயில் வைத்தார். மையின் கரியும் பிசினும் மண்ணும் கலந்து தொண்டையில் இறங்கியது. ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை. சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. அத்தாரா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, நிமிர்ந்து நடந்தாள். காத் கூடாரங்கள் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் வயிற்றுக்குள் யாரோ முறுக்கிப் பிழிந்ததுபோல இருந்தது. அப்படியே மடங்கி விழுந்தாள். மணலில் ரத்தம் பரவியதைப் பார்த்த ஒருத்தி அலறினாள்: "தண்ணி பேசிடுச்சு! தண்ணி பேசிடுச்சு!"

பிண்டத்தைத் துணியில் சுற்றிப் பாளையத்துக்கு வெளியே புதைத்தவள் மாக்கா. அளவைப் பார்த்ததுமே எத்தனை மாதம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்து தம்பி முன்னால் நின்றாள்.

"அரேலி, அது உன் பிள்ளைடா. காத்தடிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே தரிச்சது. காலையிலேயே ரத்தம் போச்சு. நான் பார்த்தேன்."

அரேலி ஒரு ஆட்டின் குளம்பிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"தண்ணி செஞ்சுது. என் கால் செய்யல."

"டேய்..."

"உனக்கு இந்தக் கூடாரத்துல சோறு வேணுமா, வேண்டாமா?"

மாக்கா அதற்குப் பிறகு செத்துப்போகும்வரை இதைப்பற்றி வாய் திறக்கவில்லை. செய்தி காதில் விழுந்ததும் ஏரான் காலை இழுத்துக்கொண்டு வனாந்தரத்துக்குள் ஓடிவிட்டான். ஓடியதே குற்றத்துக்குச் சாட்சி என்றார்கள். அவனைத் தேடி யாரும் போகவில்லை. தண்ணீர் இல்லாத அந்தப் பக்கம் போனவர்கள் திரும்பியதும் இல்லை.

அரேலி மனைவியை விலக்கிவைக்கும் தள்ளுதல் சீட்டை எழுதி அவள் கையில் கொடுத்தான். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும், தீட்டுக் கழிக்க இரண்டு புறாக்குஞ்சுகளை எடுத்துக்கொண்டு அத்தாரா மறுபடி அந்த வாசலுக்குப் போனாள். யாக்கீன்தான் இருந்தார். அவளைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. இருந்தாலும் பறவைக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, ஒண்ணு சொல்லணும். தண்ணி என்னை ஒண்ணும் பண்ணல. முந்தின நாள் அவர் வயித்துல உதைச்சாரு. நான் குடிக்கிறதுக்கு முன்னாடியே ரத்தம் போச்சு."

யாக்கீன் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ தீட்டோட பிரகாரத்துக்குள்ள வந்தியா? வந்தவளுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

அவள் குஞ்சுகளை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீ சொல்லல. நான் கேக்கல. பறவையைக் குடு."

"நான் சுத்தமானவன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சாமி. உங்க வாயால."

"சொல்லிட்டு? இனிமே எந்தப் பொண்ணு இந்தத் தண்ணிக்குப் பயப்படுவா? பயம் போச்சுன்னா புருஷன்மார் தண்ணியத் தேடி இங்க வர மாட்டாங்க, உங்களை எறிஞ்சு கொல்லக் கல்லைத் தேடித்தான் போவாங்க. யோசிச்சுப் பாரு."

அவர் சொன்னதை அவரே நம்பினார் என்றுதான் தோன்றியது. அவள் கையிலிருந்து குஞ்சை வாங்கி, பெருவிரல் நகத்தால் அதன் கழுத்தைக் கிள்ளினார். ரத்தத்தைப் பலிபீடத்தின் பக்கத்தில் தெளித்தார். "போ, சுத்தமாயிட்ட" என்றார். அது உதிரத் தீட்டுக்கு மட்டும் சொன்னது.

அதன்பிறகு பலிபீடத்துச் சாம்பலைக் கொட்டும் மேட்டுப் பக்கம் ஒரு கிழிந்த கூடாரத்தில் அத்தாரா வாழ்ந்தாள். மற்றவர்கள் போனபின் மன்னா பொறுக்கினாள். ஆட்டுமயிரை முறுக்கிக் கயிறு திரித்தாள். கயிற்றை வாங்குகிறவர்கள் கையில் கொடுக்கச் சொல்லாமல் தரையில் வைக்கச் சொன்னார்கள். அரேலி வேறு கல்யாணம் செய்து பிள்ளைகள் பெற்றான். பெண்கள் சண்டை போட்டால், "நான் பொய் சொன்னா அத்தாரா கதி எனக்கு வரட்டும்" என்று சத்தியம் செய்தார்கள். பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது ஒரு மனுஷியின் பெயர் என்பதே தெரியாது. சிரிப்பு அவளிடமிருந்து எப்போது போனது என்று அவளுக்கே நினைவில்லை.

வருஷங்கள் கழித்து, சிபியா என்ற சின்னப் பெண்ணை அவள் புருஷன் மாவோடு இழுத்துவந்தான். யாக்கீன் அப்போது கிழவர். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளாததால், பயம் காட்ட அத்தாராவைக் கூட்டிவந்து எதிரில் நிறுத்தச் சொன்னார்.

"பாரு இவளை. இவளும் உன்னை மாதிரித்தான் ஒண்ணும் நடக்கலன்னு சொன்னா."

சிபியாவின் பற்கள் கிட்டித்துக்கொண்டன. செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு தப்பிவிடலாம் என்று வாயைத் திறக்கப் போனாள். யாக்கீன் தண்ணீர் மொள்ளத் தொட்டிப் பக்கம் திரும்பியபோது அத்தாரா ஓரடி நெருங்கினாள்.

"நாள் தள்ளிப் போயிருக்காடி?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

"வயித்துல அடிச்சானா? ரத்தம் ஏதாச்சும்?"

"இல்லக்கா."

"அப்போ குடி. அதுல இருக்கிறது மண்ணும் மையும்தான். நான் குடிச்சிருக்கேன். கசக்கும், அவ்வளவுதான். தலையக் குனியாம நில்லு."

சிபியா குடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. பாளையமே கொண்டாடியது. கெட்டவளை அந்தத் தண்ணீர் எப்படி வாட்டியது, நல்லவளை எப்படி விட்டது, இரண்டையும் நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோமே என்று கிழவர்கள் தழுதழுத்தார்கள். அதுவரை அத்தாராவைப்பற்றி உள்ளூரச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றிரண்டு பேருக்கும் அன்றோடு சந்தேகம் தீர்ந்தது.

அடுத்த வருஷம் சிபியாவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பிரசவத் தீட்டுக் கழிக்க ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போகிறவள், சாம்பல் மேட்டுப் பக்கம் சுற்றி வந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கூடாரத்தை நெருங்கினாள்.

"அக்கா, அன்னைக்கு நீங்க இல்லன்னா நான் இல்ல."

அத்தாரா கயிறு திரித்துக்கொண்டே, "பிள்ளை நல்லா இருக்கானா?" என்று கேட்டாள்.

"இருக்கான்." சிபியா போகவில்லை. குட்டியின் காதை நிமிண்டிக்கொண்டே நின்றாள். "கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. உங்களுக்கும் அந்த ஏரானுக்கும்... நெசமாவே இருந்துச்சா?"

அத்தாராவின் கை நின்றது. அந்தப் பெண்ணின் கண்களைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் இவள் என்ன செய்வாள்? தன்னைக் காப்பாற்றியது வெறும் மண்தண்ணீர்தான், தான் பிழைத்தது வெறும் அதிர்ஷ்டம்தான் என்பதை வைத்துக்கொண்டு இவள் எப்படி அந்த வாசலுக்குள் போவாள்?

"ஆமா" என்றாள். "இருந்துச்சு."

சிபியா பெரிதாக மூச்சுவிட்டாள். முகம் தெளிந்தது. அத்தாராவின் நிழல் படாதபடி மேலாடையைச் சற்று ஒதுக்கிக்கொண்டு, குட்டியை இழுத்தபடி வாசலைப் பார்த்து வேகமாக நடந்தாள்.