செல்வியின் கழுத்தில் ஒரு பெயர்

அடையாள அட்டையை லேமினேட் செய்யும்போது எழும் சூடான பிளாஸ்டிக் வாசனை இன்றும் என்னைக் குறுக வைக்கிறது.

ஒரகடம் தொழிற்சாலையொன்றில் அட்டை தயாரிப்பது என் வேலை. அட்டையில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

"ஹான்ஸின் மகன் என்பதுதான் என் பெயர்," என்றார் டென்மார்க் பொறியாளர் ஹான்சன். "முன்பு அப்பா பெயரை வைத்துத் தலைமுறைதோறும் மாறும். சட்டம் வந்தது, உறைந்துவிட்டது. யார் அந்த ஹான்ஸ் என்று எங்கள் ஊர் ஹான்சன்கள் யாருக்கும் தெரியாது." சிரித்துவிட்டு மறந்தேன்.

லைனில் வேலை செய்யும் வடக்குப்பட்டு செல்வி, படிவத்தில் தன் அம்மா பெயரைத்தான் இனிஷியலாக எழுதியிருந்தாள். நானோ பள்ளிச் சான்றிதழைத் தேடியெடுத்து குடும்பப் பெயராக அவள் அப்பா பெயரை அச்சடித்தேன்.

"எங்கம்மாவ கொளுத்துனவன் சார் அவன்," என்றாள் அட்டையைப் பார்த்ததும்.

மேலிடத்தில் கெஞ்சினேன். பதிவானதை மாற்ற முடியாதாம். அவனை அவள்மேல் உறைய வைத்தது என் கை.

"வேலைய வுட்டுட்டு இன்னாம்மா பண்ணுவ?" என்றேன், வேலையை விடுவதாக வந்து நின்றவளிடம்.

அட்டையைக் கழற்றி வைத்தாள். "அவன் பேர மாட்டிகினு லைன்ல நிக்க முடியாது சார். வரேன்."