வேலின் நுனியிலிருந்து

என் எழுத்துகள் கோட்டில் நிற்காமல் கீழே இறங்கிப் போகும். எங்கே சின்ன 'ர', எங்கே பெரிய 'ற' என்பதும் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

துறைமுகத்தில் மீன்பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். முதுகு கெட்டது. இனிப் பெட்டி தூக்கினால் படுக்கைதான் என்று டொக்டர் சொன்னார். றேடியோ திருத்திப் பழகிய கை இருந்ததால், ஓடும் விளக்குகள் செய்து பிழைக்கலாம் என்று முடிவெடுத்தேன். பாலையூற்றில் எங்கள் கோயில் வாசலுக்கு ஒரு பெரிய வேல் செய்வதாகத் திட்டம். அடியிலிருந்து நுனிவரை வெளிச்சம் படிப்படியாக ஏற வேண்டும். கோயில் சபைத் தலைவரிடம் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனைவிதான் கேட்டாள்.

"சரி பிள்ளை, செய்யட்டும். ஆனா கொடியேத்தத்துக்கு முதல்நாள் எரிஞ்சு காட்டவேணும். இல்லாட்டி மட்டக்களப்பு ஆக்களைக் கூப்பிடுவன்" என்றார்.

இது சரிவந்தால் மற்றக் கோயில்களும் கூப்பிடும். சரிவராவிட்டால் எனக்குத் தெரிந்த ஒரே வேலை பெட்டி தூக்குவதுதான்.

இந்த விளக்குகளின் உயிர், விளக்குக்கு ஒன்றாக வைக்கும் ஃபிளிப்ஃப்ளொப் என்ற ஐ.சி. சில்லு. எரிகிறதா, அணைந்ததா என்ற ஒன்றை மட்டும் அது நினைவில் வைத்திருக்கும். எல்லாவற்றுக்கும் தாளம் கொடுக்கும் கிளொக் வயரில் ஒரு துடிப்பு வரும்போது, கீழே இருப்பது வைத்திருந்ததை மேலே இருப்பது வாங்கிக்கொள்ளும். வாங்கும் பொருள் துடிப்புக்குச் சற்று முன்பே வந்து நிற்க வேண்டும். துடிப்புக்குப் பிறகும் ஒரு கணம் அசையாமல் இருக்க வேண்டும். ஃபோனில் ஒரு தமிழ் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து இவ்வளவும் விளங்கியிருந்தது.

வீட்டுக் குசினி மேசையில் வேல் அழகாக ஓடியது. கோயில் வாசலில் கட்டியதும் நொண்டியது. ஒன்றை எரிக்காமல் அடுத்ததற்குப் பாய்ந்தது. சிலவேளை இரண்டு சேர்ந்து எரிந்தன. ஈயப் பற்று எல்லாவற்றையும் புதிதாக வைத்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். நீள வயரில் துடிப்பு மெலிந்துவிடும் என்று, கோயிலில் கட்டும்போது ஒவ்வொரு சேர்க்கிட் போட்டிலும் அதைத் தூக்கிவிட ஒரு ஐ.சி. போட்டிருந்தேன், அவற்றையும் மாற்றிப் பார்த்தேன். அப்படியேதான் நொண்டியது.

"உங்கட முருகனுக்குக் கால் சுளுக்கோ?" என்று தேர்முட்டியில் இருந்தவர்கள் கேட்டார்கள். நான் குனிந்து பார்க்கவில்லை. ஏணியை விட்டு இறங்கவும் இல்லை.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் காலை மனைவி மீன் வாங்கி வரச் சொன்னாள். துறைமுகத்தில் என் பழைய ஆட்கள் படகிலிருந்து லொறிவரை வரிசையாக நின்று பெட்டி கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் இரைச்சலில் ஒருவர் குரல் எல்லோருக்கும் கேட்காது. பெட்டியைக் கைமாற்றச் சொல்லி ஒருவர் "ஓய்" என்பார். பக்கத்தில் இருப்பவர் அதை வாங்கி அடுத்தவருக்குச் சொல்வார். அன்று புதிதாக வந்த ஒருவர் படகடியில் நின்று குரல் கொடுத்தார். அவர் பக்கத்து ஆள் பெட்டியை நீட்டிவிட்டார். வாங்க வேண்டியவருக்குக் குரல் இன்னும் போய்ச் சேரவில்லை, கையில் பழைய பெட்டி. இரண்டும் மோதி ஐஸும் சூரை மீனும் தரையில்.

"மச்சான், இஞ்ச என்ன பாட்டுக் கச்சேரியே? லொறியடிக்குப் போய் நிண்டு கத்தடா!" என்று வரிசையில் நின்ற ஒருவர் அவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

லொறியடியில் நின்றுதான் எப்போதும் குரல் கொடுப்போம். அங்கே நிற்பவர் கை முதலில் காலியாகும். குரல் பின்னோக்கி வர வர ஒவ்வொரு கையாகக் காலியாகும். அந்த வரிசையில் எத்தனையோ வருடம் நின்றவன் நான். என் வேலில் துடிப்பை அடியிலிருந்து விட்டிருந்தேன். நான் போட்ட ஐ.சி.கள் ஒவ்வொரு போட்டிலும் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தின. மேலே உள்ளது பழையதை வாங்கும் முன்பே கீழே உள்ளது மாறிவிட்டது.

வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

"இஞ்சாருங்கோ, மீன் எங்க?"

"துறைமுகத்தில நிலத்தில கிடக்கு. எனக்கு நீள வயர் வேணும்."

"அப்ப மத்தியானம் வயரையே குழம்பு வைக்கட்டே?" என்றாள். ஆனாலும் ஏணியைப் பிடிக்க வந்தாள்.

கிளொக் வயரை அடியில் கழற்றி நேரே நுனிக்குக் கொண்டுபோனேன். தூக்கிவிடும் ஐ.சி. ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தேன். துடிப்பு இப்போது நுனியில் தொடங்கிக் கீழே வரும். வெளிச்சம் அடியிலிருந்து மேலே போகும். முதுகு இரண்டு தரம் பிடித்தது. இறங்கி, நிமிர்ந்து நின்றுவிட்டு, மறுபடி ஏறினேன்.

பின்னேரப் பூசை மணி அடிக்கும்போது சுவிட்சைப் போட்டேன். வெளிச்சம் ஒன்றையும் விடாமல் நுனிவரை ஏறியது. தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கனநேரம் பார்த்தார்.

"ஓம், நல்லாயிருக்கு. லிங்கநகர்க் கோயில்காரர் நாளைக்கு வருவினம். நீங்களே கதையுங்கோ."

"மனிசி கதைப்பா" என்றேன்.

அவள் கதைத்தாள், வேலை கிடைத்தது. ஆனால் வந்தவர்களில் ஒருவர், வயரை ஏன் நுனியிலிருந்து விட்டீர்கள் என்று என்னிடமே கேட்டார். எழுதித் தருகிறேன் என்றேன். சொன்னபடி எழுதிவிட்டேன்.

பங்குனி உத்தரத்துக்கு மறுநாள்.