மொக்கம்மாளின் கேப்டன்

சின்னமனூரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேர் மொக்கம்மாளிடம் திட்டு வாங்கியவர்கள். "கிளட்சை விடாதத்தா, விடாத, விடாதன்னேன்ல!" என்று அவள் போடும் சத்தம் பைபாஸ் வரைக்கும் கேட்கும். பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி அவளுடையது. பள்ளி என்றால் ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் தலையில் மஞ்சள் பலகை, இடப்பக்க சீட்டுக்கு முன்னால் அவள் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக். அவ்வளவுதான்.

வயது நாற்பத்தேழு. கட்டியவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இவள் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து உறவை அத்துக்கொண்டு, பஸ்ஸில் திரும்பி வரும்போது டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். மறு வாரமே ஸ்டியரிங் பிடித்துவிட்டாள். பிள்ளை கிடையாது. அழுது யாரும் பார்த்ததில்லை. சிரித்துப் பார்த்தவர்களும் அதிகமில்லை.

அப்படிப்பட்டவள் போன மார்கழியில் ஒரு நாள் சிரித்தாள்.

அன்றைக்கு வண்டியில் இருந்தது முத்துமாரியம்மாள். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், ஐம்பத்தொரு வயது, மொக்கம்மாளுக்குச் சிநேகிதியும்கூட. மூன்றாவது தடவையாகக் கார் பழகிக்கொண்டிருந்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது திராட்சைத் தோட்டத்துக் கல்தூணில் மடாரென்று இடித்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தாள்.

"பரவால்லக்கா. கல்லுதான" என்றாள் மொக்கம்மாள், பல் தெரியச் சிரித்து.

முத்துமாரியம்மாள் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காச்சலா?"

காய்ச்சல் இல்லை. கேப்டன்.

கேப்டன் சூரியபிரகாஷ் நார்வே நாட்டில் பிறந்து வளர்ந்த தமிழர். சரக்குக் கப்பலுக்குக் கேப்டன். மனைவி தவறி ஆறு வருடமாயிற்று. பேஸ்புக்கில் வந்து மொக்கம்மாளின் காரைப் பார்த்து, 'உங்கள் வாகனம் மிகவும் தைரியமாக உள்ளது' என்று எழுதியிருந்தார். அவருடைய தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. வெளிநாட்டில் வளர்ந்தவர், அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாரும் கேலி செய்த தன் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு, 'மொக்குன்னா பூ மொக்கு' என்று எழுதினாள். மறுநாளிலிருந்து அவர் 'என் மொட்டே' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலையில் வந்தது: 'நான் உங்களுக்காகக் கீழே விழுந்துவிட்டேன்.'

மொக்கம்மாள் பதறிப்போய் எழுதினாள்: 'யாத்தே! எங்கயாச்சும் அடிபட்டுச்சா?'

'ஆம். இதயத்தில்.'

அதற்குப் பிறகு அவள் தரையில் நடக்கவில்லை. கத்தரிப்பூக் கலரில் சுடிதார் எடுத்தாள். ஸ்டேஷனரிக் கடையில் உலக உருண்டையை வாங்கி நார்வேயைத் தேடிப் பிடித்து அதில் பொட்டு ஒட்டினாள். தினமும் கார் ஏறும் பெண்களுக்கு அந்த ஊர்த் தட்பவெப்பம் சொன்னாள். "இன்னைக்கு அங்கன பனி கொட்டுது. நீ இங்கன வெயிலடிக்குதுன்னு ஏசி போடச் சொல்ற." ஹாரனைக்கூடத் தாளத்தோடு அடித்தாள். எதிரே வந்த கரும்பு டிராக்டர்க்காரர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று வண்டியை நிறுத்தி இறங்கி வந்துவிட்டார்.

முத்துமாரியம்மாளுக்கு எல்லாம் தெரியும், ஒன்றைத் தவிர. கேப்டன் அனுப்பிய பரிசுப் பார்சல் டெல்லி சுங்கத்தில் மாட்டிக்கொண்டதும், சுங்க அதிகாரி என்று ஒரு பெண் போன் போட்டதும், இரண்டாவது கார் வாங்கச் சேர்த்ததில் ஒரு பகுதியை மொக்கம்மாள் அனுப்பிவிட்டதும் அவளுக்குத் தெரியாது. பங்குனியில் இரண்டாவது முறையாகப் பணம் கேட்டு போன் வந்தபோதுதான் மொக்கம்மாள் மெல்லக் கேட்டாள்.

"யக்கா, செயினை அடகு வைக்கணும்னா எந்த பேங்க் நல்லது?"

முத்துமாரியம்மாள் வண்டியை நட்டநடு ரோட்டில் நிறுத்தினாள். பின்னால் வந்த பஸ் அலறியது. பிறகு ஓரங்கட்டி, பிடுங்காத குறையாக விசயத்தை வாங்கினாள்.

"ஏத்தா, அந்தாளு போட்டாவைக் காட்டு."

வெள்ளை உடுப்பு, தங்க நிறப் பட்டை, தொப்பி, நல்ல மீசை. முத்துமாரியம்மாள் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள்.

"கப்பக்காரன் தொப்பியில நங்கூரம் இருக்கும்பாக. இது பீப்பி மாதிரி இருக்கு."

"அந்த ஊரு நங்கூரம் அப்படித்தான் இருக்கும்."

"தோள்ல குஞ்சம் தொங்குது."

"நார்வேயில தொங்கவிடுவாக."

"உன் மூளையைத்தான் தொங்கவிட்டிருக்க. இப்பவே வீடியோ கால் போடு. மூஞ்சியைக் காட்டட்டும்."

போட்டாள். எடுக்கவில்லை. 'கடலில் கேமரா தடை செய்யப்பட்டுள்ளது என் மொட்டே' என்று பதில் வந்தது. இதற்கு முன்பும் நாலைந்து தடவை இதே பதில்தான். மொக்கம்மாள் உதட்டைக் கடித்தாள். பிறகு, தன் தொழிலில் தெரிந்ததை வைத்துத் தானே ஒரு கேள்வி எழுதினாள்: 'கப்பலை ரிவர்ஸ் எடுக்குறப்ப எதைப் பாத்து எடுப்பீக?'

பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.

'நான் ஒருபோதும் பின்னால் பார்ப்பதில்லை. என் எதிர்காலம் நீங்கள் மட்டுமே. தயவுசெய்து கட்டணத்தை இன்று மதியத்திற்குள் செலுத்தவும்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். குஞ்சத்தை மன்னித்தவளால் இதை மன்னிக்க முடியவில்லை. "பின்னாடி பாக்காம எப்படிக்கா ஒருத்தன் வண்டி ஓட்டுவான்?" என்றாள். அப்புறம் சட்டென்று, "வேற போட்டாவும் இருக்கு, பாரு" என்று தானே போனை நீட்டினாள்.

மூன்றாவது படத்தில் கேப்டன் ஒரு சுவரில் சாய்ந்து நின்றார். தோளுக்குப் பின்னால் பாதி மறைந்த சிவப்பு எழுத்து: '...ருளிப்பட்டி கிளை.'

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நார்வேயில சுருளிப்பட்டி இருக்கா?" என்றாள் முத்துமாரியம்மாள்.

மொக்கம்மாளுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, ஸ்டியரிங்கில் சாய்ந்த முத்துமாரியம்மாளையும் இழுத்துக்கொண்டு சிரித்தாள். ஹாரன் தானாக அடித்தது.

நர்ஸ் அல்லவா, முதலுதவி முதலில். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த, ஆன்லைன் மோசடிக்குப் புகார் கொடுக்கும் 1930 என்ற எண் முத்துமாரியம்மாளுக்கு மனப்பாடம். அங்கேயே போன் போட்டுப் புகார் கொடுக்க வைத்தாள். பேசியது, அனுப்பியது, கேட்டது எல்லாவற்றையும் அழிக்காமல் ஒவ்வொன்றாகப் படமெடுத்து வைக்கச் சொன்னாள். அது முடிந்ததும் மொக்கம்மாள் சீட் பெல்ட்டை மாட்டினாள்.

"வண்டியை எடுக்கா. சுருளிப்பட்டிக்குப் போவம். அந்த மூஞ்சி யாருதுன்னு பாக்காம எனக்குச் சோறு இறங்காது."

முத்துமாரியம்மாள் வாழ்க்கையிலேயே முதல் முறையாக நாலாவது கியர் போட்டது அன்றைக்குத்தான். உத்தமபாளையம் தாண்டும் வரை மொக்கம்மாள் அந்தப் படுபாவியைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். கம்பம் தாண்டும்போது, "ஆனா மீசை நல்ல மீசைக்கா" என்றாள்.

சுருளிப்பட்டி டீக்கடையில் போனைக் காட்டியதும் மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்: "நம்ம தங்கப்பாண்டியன்ல இது. பேண்டு செட்டு. அந்தா, பச்சை கேட்டு."

பச்சை கேட்டுக்குள், கைலியும் பனியனுமாக உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார் கேப்டன்.

மூன்று மாதமாகத் தினமும் காலையில் மொக்கம்மாள் வணக்கம் சொன்ன முகம். இடது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்புவரை அவளுக்குத் தெரியும். அந்த முகத்துக்கோ அவள் யாரென்றே தெரியவில்லை.

"வாங்கம்மா, வாங்க. கல்யாணமா, காதுகுத்தா?" என்று எழுந்தார் அவர்.

மொக்கம்மாள் வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். "நீங்க நார்வேயில இல்லையா?"

"நார்வேயா? இன்னைக்கு சாயந்தரம் தேவதானப்பட்டிதான் புக்கிங். அது எங்கிட்டு இருக்கு? பண்ணைப்புரம் பக்கமா?"

முத்துமாரியம்மாள் விசயத்தைச் சொல்லச் சொல்ல, உள்ளேயிருந்து அவர் மனைவி சங்கிலியம்மாள் வந்து நின்றாள். முதலில் இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டுதான் வந்தாள். மொக்கம்மாள் போனை அவளிடமே கொடுத்தாள். சங்கிலியம்மாள் வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் புருசனை நிமிர்ந்து பார்த்தாள்.

"'உங்கள் காலை உணவை உண்டீர்களா என் இதயமே'... ஏங்க, இருபத்தேழு வருசத்துல என்னைய ஒரு நாள் சாப்ட்டியான்னு கேட்டிருக்கீகளா?"

"மூஞ்சி மட்டுந்தான் என்னுது" என்றார் தங்கப்பாண்டியன் பரிதாபமாக. "அந்தத் தமிழு என்னுது இல்ல."

சங்கிலியம்மாள் சிரித்தாள். பிறகு மொக்கம்மாளின் கையைப் பிடித்து உட்கார வைத்து, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒன் மேல ஒரு தப்பும் இல்ல, ஆத்தா. இப்படி எழுதுனா எனக்கே கிறுக்குப் பிடிக்கும்" என்றாள். மொக்கம்மாள் அப்போதுதான் கொஞ்சம் அழுதாள். யாரும் தடுக்கவில்லை.

பேண்டு செட்டின் பேஸ்புக் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போட்ட படங்களைத்தான் எவனோ எடுத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. தங்கப்பாண்டியனுக்குக் கோபம் தலைக்கேறியது. உடுப்பையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வந்தார். "எடும்மா வீடியோ" என்றார்.

"வணக்கம். நாந்தேன் கேப்டன் சூரியபிரகாஷ். ஊரு சுருளிப்பட்டி. கப்பல் ஓட்டத் தெரியாது, இது தெரியும்" என்று சொல்லி டிரம்பெட்டை வாயில் வைத்து ஊதினார் பாருங்கள், தெருவில் நின்ற ஆடு மாடெல்லாம் மிரண்டது. மொக்கம்மாள் அதை அப்படியே அனுப்பினாள். நாலு தலையும் போனுக்கு மேல் குனிந்திருந்தன. பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. அந்தப் பக்கம் என்னவோ எழுத ஆரம்பித்தது, நின்றது, மறுபடி எழுதியது. பிறகு படம் மறைந்து போனது. கேப்டன் ஒரேயடியாக மூழ்கிவிட்டார்.

அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் தங்கப்பாண்டியனின் போன் அடித்தது. வேன் டிரைவருக்கு வயிற்றுப்போக்காம், வர முடியாதாம். பதினோரு ஆளும் ஜெனரேட்டரும் தேவதானப்பட்டி போயாக வேண்டும்.

"சாவியைக் குடுங்க" என்றாள் மொக்கம்மாள்.

டிரம் அடிப்பவர் ஒருவர் தயங்கினார். "பொம்பளை வேன் ஓட்டி..."

"ஏலே, ஏறுறியா, நடந்து வாரியா?"

ஏறினார். தேனி தாண்டி, பெரியகுளம் தாண்டி, மாப்பிள்ளை அழைப்புக்கு அரை மணி நேரம் முன்னாடியே கொண்டுபோய் இறக்கினாள். வழி நெடுக வேனுக்குள் ஒத்திகை நடந்தது. முத்துமாரியம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு வந்தவள், மண்டபத்து வாசலில் இறங்கி, முன்பின் தெரியாத கல்யாணத்தில் ஆடியே விட்டாள். பெண் வீட்டார் அவளை மாப்பிள்ளைக்குச் சித்தி என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குச் சித்தி என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் தாம்பூலம் கொடுத்தார்கள்.

தேனியில் சைபர் போலீஸார் விசாரித்ததில், அதே போனிலிருந்து இன்னும் சில பெண்களுக்கும் இதே பார்சல் கதை போயிருந்தது தெரிந்தது. மொக்கம்மாள் அனுப்பிய பணம் கொஞ்சம் பேங்கில் முடக்கப்பட்டுத் திரும்பி வந்தது. மிச்சம் போனது போனதுதான். இரண்டாவது கார் தள்ளிப்போனது. ஆனால் முகூர்த்த மாதங்களில் பேண்டு செட்டு வேனை ஓட்டுவது அவள்தான். ஊரில் அவளைப் பார்த்து "கேப்டன் சௌக்கியமா?" என்று கேட்பவர்களுக்கு, "சௌக்கியம், போன வாரம் வீரபாண்டியில ஊதுனாக" என்று பதில் சொல்லுவாள். காலையில் எழுந்ததும் போனைத் தேடும் கை மட்டும் கொஞ்ச நாள் அடங்கவில்லை. முத்துமாரியம்மாளிடம் மட்டும் ஒரு தடவை சொன்னாள்: "நான் சந்தோசமா இருந்தது நெசந்தான்க்கா. அவன்தான் பொய்."

போன வாரம் பவானி என்று ஒரு பெண், பேங்கில் வேலை, ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தவள், சிக்னலைத் தாண்டும்போது வெட்கத்தோடு சொன்னாள். துபாயில் இன்ஜினியராம். பேர் விஜயபாண்டியாம். ஆன்லைனில் பழக்கமாம். இன்னும் நேரில் பார்த்ததில்லையாம்.

மொக்கம்மாள் தன் பக்கத்துப் பிரேக்கை ஒரே மிதி மிதித்து வண்டியை ஓரங்கட்ட வைத்தாள். "பணம் கேட்டானா?"

"இல்லக்கா."

"பார்சல் அனுப்புறேன்னானா?"

"இல்லக்கா."

"போடு வீடியோ காலு. இப்பவே."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான். முகம் பூராவும் ஷேவிங் நுரை, தோளில் துண்டு. பவானிக்குப் பதில் யாரோ ஒரு அம்மா முறைப்பதைப் பார்த்து ரேசரைக் கீழே போட்டான்.

"தம்பி, போனைத் திருப்பி ரூமைக் காட்டுங்க" என்றாள் மொக்கம்மாள். "சன்னலைத் திறந்து வெளியவும் காட்டுங்க. எங்க, அந்தக் கட்டில்ல படுத்திருக்கது யாரு? அவரையும் எழுப்புங்க."

கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கும்பிட்டார். "வணக்கம்மா. எனக்கு ஊரு போடிங்க. பையன் நல்ல பையன்தான், ஆனா பாத்திரம் மட்டும் கழுவ மாட்டான்."

பவானி ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.