பதினொண்டோட நிண்ட எண்ணிக்கை

எண்ணிக்கொண்டு போகேக்க உங்களுக்கு இடையில நம்பர் துலைஞ்சிருக்கோ? மறதியைச் சொல்லேல்லை. பதினொண்டு சொல்லுறியள், பிறகு ஆரோ தோளைப் பிடிச்சு உலுப்பினம், இடையில ஒண்டுமே இல்லை. அப்பிடியெண்டால் வாசியுங்கோ.

எனக்கு அது அக்கராயனில ஒரு வெறும் நெல்லுக் களஞ்சியத்துக்குள்ள வந்தது. கம்பஸில என்னோட படிச்ச பிருந்தா நடனக்காரி. சண்டைக்குள்ள சனம் ஓடினது, பங்கருக்குள்ள குந்தினது, அதை ஆடுறாள். நான் படம் எடுக்கிறன். கதவைச் சாத்தி, இருபது எண்ணும்வரை கமராவின்ர ஷட்டரைத் திறந்து வைப்பன். அவள் அசைய அசையப் படத்தில புகை மாதிரி விழுவாள். நான் சத்தமா எண்ணுறது தான் அவளுக்குத் தாளம்.

அண்டைக்குப் பதினொண்டில காதைப் பொத்திக்கொண்டு குந்தினாள். பன்னிரண்டு வரேல்லை. வருமெண்டு ஒரு நிமிசத்துக்கு மேல அப்பிடியே இருந்தாளாம்.

"டேய், செத்திட்டியோ? கால் விறைச்சுப் போச்சு!"

படத்தைப் பார்த்தன். அவள் அசையாததால முகம் அச்சொட்டா விழுந்திருந்தது. செம படம். "வேணுமெண்டு தான் நிப்பாட்டினனான்" எண்டு ஒரு புளுகு விட்டன். இன்னும் ரெண்டு தரம் நடந்தது. எல்லாப் புகழும் எனக்கு.

மூண்டாந்தரம் பிருந்தா முதலே ஃபோனை என்ர பக்கம் திருப்பி வைச்சு வீடியோ எடுத்திட்டாள். சட்டைப் பொத்தானைச் சும்மா திருகிக்கொண்டு நிக்கிறன். கண் எங்கயோ.

"இதுவும் வேணுமெண்டோ?"

டொக்டர் வீடியோவைப் பார்த்தார். ஃபோகல் சீஷர் (வலிப்பில ஒரு வகை, விழமாட்டியள், கொஞ்ச நேரம் ஆள் அங்க இல்லை). எம்.ஆர்.ஐ (காந்தத்தால தலைக்குள்ள படம் எடுக்கிறது) எழுதித் தந்தார்.

ஸ்கான் எடுக்கிற இடத்தில நிண்டவர் கேட்டார். "தம்பி, உடம்பில பீஸ் ஏதும் கிடக்கோ?" சண்டையில வெடிச்ச செல்லின்ர (எறிகணை) துண்டைத் தான். இரும்பெண்டால் காந்தம் இழுக்கும்.

"இல்லை அண்ணை, நான் கிளீன்."

"இருக்கு" எண்டா கூட வந்த அம்மா. "இடக் காதுக்கு மேல."

"அது சைக்கிளால விழுந்த காயமெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"கடைசிச் சண்டைக்குள்ள மாத்தளனில எங்களிட்ட ஏதடா சைக்கிள்? உனக்கு ஏழு வயசு. சொன்னால் தலையைத் தடவிக்கொண்டே திரிவாய் எண்டு விட்டனான்."

எம்.ஆர்.ஐ இல்லை. சீ.ரீ (தலையைச் சுத்தி எடுக்கிற எக்ஸ்ரே) எடுத்தினம். அரிசி அளவில ஒரு வெள்ளைப் புள்ளி. நான் மற்ற ஆக்களின்ர சண்டையைப் படம் எடுக்கிறன் எண்டெல்லோ திரிஞ்சனான்.

"இனிப் படம் எடுக்கலாமோ டொக்டர்?" எனக்கு அந்தப் பயம் தான்.

"எடுங்கோ. தனிய நிக்காதேங்கோ, குளிசையை விடாதேங்கோ, மோட்டச்சைக்கிள் ஓடவே கூடாது. பீஸ் அங்கயே கிடக்கட்டும், எடுக்கப்போனால் தான் கூடக் கேடு."

குளிசையால முதல் மாதம் ஒரே நித்திரை, ஒரே எரிச்சல். உங்களுக்கும் வரலாம். குளிசையை நீங்களா நிப்பாட்டாதேங்கோ, டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

ஆறு மாதத்துக்குப் பிறகு களஞ்சியத்துக்குப் போனம். இருபதும் எண்ணினன். பிருந்தா புகையா விழுந்தாள். அந்த மூண்டு படம் மாதிரி இனி எனக்கு வராது. கண்காட்சியில அதுகளுக்குக் கீழ என்ர பெயர் வேண்டாமெண்டன்.

"பின்ன ஆற்ற பெயர்? பீஸின்ர பெயரோ?"

பெயரில்லாமலே மாட்டினம்.

முந்தி ஒரு நிமிசமெண்டால் ஒரு நிமிசம். இப்ப அது முழுசா வந்ததோ எண்டு பார்க்கிறன். இதைக் கிளிநொச்சியில ரோட்டோரமா நிண்டு ஃபோனில தட்டுறன். அக்கராயன் பஸ் இன்னும் வரேல்லை. இல்லாட்டி நான் இல்லாத நிமிசத்தில வந்திட்டுப் போட்டுதோ?