சொந்தமில்லாத மாப்பிள்ளை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதனால் காரமடைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் டீச்சராகச் சேர்ந்தபோது, நான் சொன்னால் ஊரே மாறிவிடும் என்று நம்பினேன்.

ஒருநாள் மரபணுச் சோதனை பற்றிய பாடம். நோய் வரும் என்று முன்பே தெரிந்தால் முடிவெடுப்பது யார் என்று விவாதம் வைத்தேன். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால் குழந்தைக்கு வரக்கூடிய நோய்களைக் கரும்பலகை நிறைய எழுதினேன். ஒரு மாணவி மட்டும் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். பரீட்சை முடிந்ததும் அவளை மாமன் மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அவளுக்கோ கோவையில் கல்லூரியில் சேர ஆசை.

மறுவாரம் அவள் அப்பா நோட்டுடன் வந்தார். சண்டைக்குத் தயாரானேன்.

"ஏனுங்க டீச்சர், இதெல்லாம் நெசமுங்களா?"

"நெசந்தானுங்க."

"அப்பச் செரிங்க. மச்சான்கிட்ட முடியாதுன்னு சொல்லிப்போட்டேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுப் போறாரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லூரிக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன்.

"அதெதுக்குங்க? சென்னிமலைப் பக்கம் வேற மாப்பிள்ளை பார்த்தாச்சு. நமக்கு ஒரு சொட்டுச் சொந்தம் கெடையாதுங்க."

"புள்ளையக் கேட்டீங்களா?"

"புள்ளைதானுங்க இந்த நோட்டையே காட்டுச்சு."

கல்யாணத்தில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் அறிமுகம் செய்தார்: "இந்தச் சம்பந்தம் அமைஞ்சதே இந்த டீச்சராலதானுங்க." மணவறையில் இருந்தவள் அதைக் கேட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். நான் பந்திக்கு எழுந்துவிட்டேன்.