விமானியின் செலவுக்குக் கழிவு கிடையாது

1. பூக்கடைக்காரர் மகள்

நான் ஆடிட்டர் இல்லை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுக்கும் ஆலோசகர். ஆனால் சங்கரன்கோவிலில் கணக்குப் பார்க்கிறவர் எல்லோரும் ஆடிட்டர்தான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். தறி முதலாளிகள், புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பிய கடையநல்லூர்க்காரர்கள், இவர்கள்தான் என் கட்சிக்காரர்கள். இப்போது அலுவலகத்தை மருமகள் பார்க்கிறாள். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஒரு விமானியின் ஃபார்ம் 16, அதாவது சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டிக் கம்பெனி தரும் சான்றிதழ், என் மேஜைக்கு வந்தது மாரிச்சாமி அண்ணாச்சியால். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். அவர் மகள் கோமதி பிளஸ் டூ முடித்ததும் பைலட் ஆவேன் என்றபோது தெருவே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்துப் படிக்க வைத்தார். லைசென்ஸ் வாங்கியபின், ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கு ‘டைப் ரேட்டிங்’ என்று தனிப் பயிற்சி உண்டு. அதற்கு மறுபடியும் கடன். கடைசியில் ஒரு சிறிய விமானக் கம்பெனியில் துணை விமானியாகச் சேர்ந்துவிட்டாள்.

வேலையில் சேர்ந்த முதல் வருடக் கணக்குக்கு அவளே நேரில் வந்தாள். ஒரு துணிப்பை நிறைய பில். கறுப்பு ஷூ, சூட்கேஸ், லைசென்ஸ் புதுப்பித்த கட்டணம், மருத்துவப் பரிசோதனைக்கு ஊர் ஊராகப் போய்வந்த டிக்கெட்.

“மாமா, இதெல்லாம் என் வேலைக்குச் செஞ்ச செலவு. இத வருமானத்துல கழிச்சிருங்க.”

நான் பையை மூடி அவள் பக்கமே நகர்த்தினேன். “சம்பளக்காரங்களுக்கு இதெல்லாம் கழிக்க முடியாதும்மா. ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு தொகை உண்டு. அவ்வளவுதான்.”

“அப்பா கடையில சாக்கு, சணல், கூலியாட்களுக்கு டீ, எல்லாத்தையும் கழிக்கியளே?”

“அது வியாபாரம்.”

“இது மட்டும் என்ன, பொழுதுபோக்கா? மெடிக்கல் பாஸாகலேன்னா என்னய விமானத்துக்கிட்டயே விட மாட்டாங்க மாமா.”

பதில் சொல்லச் சட்டத்தில் வழி இருந்தது, நியாயத்தில் இல்லை. அவள் ஃபார்ம் 16-ஐ வரி வரியாகப் படித்தேன். பணியின்போது சொந்தச் செலவுக்கென்று கம்பெனி கொடுத்த அலவன்ஸில் ஒரு பகுதிக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்ற வரம்புக்குள், விலக்கு உண்டு. யூனிஃபார்ம் அலவன்ஸில் உண்மையாகச் செலவழித்த அளவுக்கு உண்டு. பழைய வரிமுறையில் இருந்தவரை இவை இரண்டும் கிடைத்தன. அதைத் தேடிப்பிடித்துப் போட்டுக் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கோமதிக்கு ஏமாற்றம்தான்.

“கூடப் பறக்கவங்க எல்லாம் வடக்க ஒரு ஏஜென்ட்கிட்ட குடுக்காங்க மாமா. இல்லாத வாடகை, குடுக்காத நன்கொடை எல்லாம் போட்டு ரீஃபண்டு வாங்கித் தாரானாம்.”

“அப்ப அங்கனயே போறியா?”

“ஐயே, அதுக்கா சொன்னேன். சும்மா சொன்னேன்.”

அவள் போகவில்லை. கம்பெனி மாறும் எண்ணம் வந்தபோதும், அண்ணாச்சி மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாள். கட்சிக்காரர் என்ற நிலை போய் வீட்டுப் பிள்ளை போலாகிவிட்டாள்.

2. மார்ச் மாதத்துக் கேள்வி

எங்கள் ஊரில் மார்ச் பிறந்தால் எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி. “எதுல போட்டா வரி குறையும்?” இந்தக் கேள்வியை ஊருக்குப் பழக்கியதில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. அந்த மாதம் யாரும் தனக்கு என்ன தேவை என்று யோசிப்பதில்லை.

அப்படி ஒரு மார்ச்சில் கோமதி லீவில் ஊருக்கு வந்திருந்தாள். விமானிக்கு உடல்தகுதி போய்விட்டால் லைசென்ஸும் போய்விடும். அந்த நிலை வந்தால் பெருந்தொகை தரும் காப்பீடு ஒன்று உண்டு. அதுவரை கம்பெனியே எல்லோருக்கும் சேர்த்துக் கட்டிவந்தது. அந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். வேண்டுமானால் அவரவரே கட்டிக்கொள்ளலாம். பிரீமியம் கொஞ்சநஞ்சமில்லை.

அப்பாவும் மகளும் என் அலுவலகத்தில் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆடிட்டரே, இதுக்கு வரியில ஏதும் கழிவு உண்டா?” என்றார் அண்ணாச்சி.

“கிடையாது அண்ணாச்சி. ஆயுள் காப்பீடும் இல்ல, மருத்துவக் காப்பீடும் இல்ல. ரெண்டு பிரிவுலயும் வராது.”

“கட்டுத காசு திரும்ப வருமா?”

“ஒண்ணும் நடக்கலேன்னா வராது.”

அவர் மடியிலிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்து விரித்தார். அவர் மைத்துனர் ஆயுள் காப்பீட்டு முகவர். “இதுல போட்டா வரியும் கொறையுது, இருவது வருசம் கழிச்சு மொத்தமா காசும் வருது. ரெண்டையும் கட்ட நம்மால ஏலாது வே. வீட்டுக் கடன் நிக்கி.”

“அண்ணாச்சி, வரிக்காக இத விட்றாதிய. இவ சம்பளமே இவ உடம்ப நம்பித்தான் இருக்கு” என்றேன்.

கோமதி சிரித்தாள். “எனக்கு என்ன மாமா? கல்லு மாதிரி இருக்கேன். ஒவ்வொரு மெடிக்கல்லயும் டாக்டரே சொல்லுதாரு.”

கிளம்பும்போது வாசலில் நிறுத்தி மறுபடியும் சொன்னேன். “வரியக் கணக்குல எடுக்காம ஒருதரம் யோசிச்சுப் பாரும்மா.”

“அப்பா சொல்லுததும் சரிதான மாமா. கடன் அடையட்டும், அடுத்த வருசம் கட்டிக்கிடுதேன்.”

அதற்கு மேல் நான் பேசவில்லை. ஆலோசகர் ஆலோசனைதான் சொல்லலாம், அடுத்தவர் வீட்டுக் காசைப் பிடித்துவைக்க முடியாது. அன்று அப்படித்தான் நினைத்தேன்.

3. பூ மார்க்கெட்டில் ஒரு காலை

அடுத்த மார்ச் வரவில்லை. அதற்குள் ஆவணி வந்துவிட்டது. முகூர்த்த நாள். மல்லிகை விலை தாறுமாறாக ஏறியிருந்தது. சொந்தக்காரர் கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்த கோமதி, மாலை எடுக்கக் கடைக்குப் போயிருக்கிறாள். அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது.

“வே, உடனே கடைக்கு வாரும். பிள்ளைக்கு என்னமோ பண்ணுது.”

நான் போனபோது ஏலம் நின்றிருந்தது. கூட்டத்தை விலக்கிப் பார்த்தேன். பூ மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளையும் சிமெண்டுத் தரையில் ஊன்றியிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

“என்னம்மா செய்யுது?”

“எல்லாஞ் சுத்துது மாமா. தரையில உக்காந்திருக்கேன்னு தெரியுது. ஆனாலும் விழுந்துருவேன்னு தோணுது.”

என் காரில் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனோம். காது மூக்கு தொண்டை டாக்டர் சோதித்துவிட்டு, உட்காதில் கோளாறு என்றார். ஒரு காதில் கேட்கும் திறனும் குறைந்திருந்தது. சில வாரங்களாகவே அந்தக் காதில் இரைச்சல் இருந்ததாகவும், சளி என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் கோமதி சொன்னாள். மருந்தில் கட்டுப்படும், ஆனால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம் என்றார் டாக்டர். கோமதி அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“வாரதுக்கு முன்னால ஏதாவது அறிகுறி தெரியுமா டாக்டர்?”

“சிலருக்குத் தெரியும். உறுதியாச் சொல்ல முடியாது.”



மறுநாள் அண்ணாச்சி என் அலுவலகத்துக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே பேசினார். “கோமதி இதக் கம்பெனிக்குச் சொல்லப் போறேங்கா. நீரு சொன்னா கேப்பா. கொஞ்ச நாள் மாத்திரை போட்டுப் பாக்கட்டுமே. ஒரே ஒருதரந்தான் வந்திருக்கு. இதுக்குப் போயி வேலைய விடுததா?”

அவர் குரல் உடைந்தது. பூ மார்க்கெட்டில் நூறு பேரை அதட்டி ஏலம் விடுகிற குரல் அது.  வாருங்கள் என்று அவருடன் அவர் வீட்டுக்கு நடந்தேன்.

கோமதி கூடத்தில் கையில் போனுடன் உட்கார்ந்திருந்தாள். அப்பா என்னைக் கூட்டிவந்த காரணம் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

“மாமா, ஒரு ஆளு வருமானத்த மறைச்சுக் கணக்குப் போடச் சொன்னா என்ன செய்விய?”

“போட மாட்டேன். ஒனக்குத் தெரியுமே.”

“உடம்பு நல்லா இருக்குன்னு சொல்லித்தான் ஒவ்வொரு தடவையும் நான் விமானத்துல ஏறுதேன். இனி அத எப்படிச் சொல்லுவேன்?”

“பக்கத்துல கேப்டன் இருப்பாருல்லா மக்கா” என்றார் அண்ணாச்சி.

“அவருக்கு ஏதாவது ஆனா நான் ஓட்டணும்னுதான் என்னய அங்க உக்கார வச்சிருக்காங்கப்பா.”

அண்ணாச்சி எழுந்து தெருவுக்குப் போனார். அவர் போகும் வரை காத்திருந்து, என் முன்னாலேயே கம்பெனி டாக்டருக்குப் போன் செய்தாள். ஆங்கிலத்தில், நிதானமாக, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வைத்தபிறகுதான் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒருதரம்தான். அடுத்த வருடம் கட்டிக்கொள்ளலாம் என்ற காப்பீட்டைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை.

4. கிடைத்த நிவாரணம்

முதலில் விமானத்துறை டாக்டர்கள் தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதினார்கள். சம்பளம் பாதியானது, பிறகு நின்றது. இடையில் இரண்டு முறை தலைசுற்றல் வந்தது. மேல்முறையீட்டுப் பரிசோதனைக்குப் போய்வந்தாள். இனி ஒருபோதும் பறக்க முடியாது என்று முடிவு வந்த அன்று சாயங்காலம் அண்ணாச்சி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு நீரு கொஞ்சம் சத்தம் போட்டுச் சொல்லியிருக்கலாம்லா வே?”

கோபத்தில் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் சொன்னது சரியான ஆலோசனைதான். ஆனால் சரியாகச் சொன்னேன் என்பதில் இன்றுவரை எனக்கு ஓர் ஆறுதலும் கிடைத்ததில்லை.

கம்பெனி அவளைப் பணியிலிருந்து விடுவித்தபோது ஓர் ஈட்டுத்தொகை கொடுத்து, அதில் பெரிய அளவில் வரியும் பிடித்துவிட்டது. இப்படி மொத்தமாக வரும் தொகைக்கு, வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 89-இல் வரியைக் குறைக்கும் ஒரு நிவாரணம் உண்டு. நிபந்தனைகள் அதிகம். கம்பெனியிடம் விளக்கக் கடிதம் கேட்டு வாங்கி, பழைய வருடங்களின் கணக்கையெல்லாம் எடுத்து, அதற்கான படிவம் 10E-ஐ மூன்று நான்கு முறை சரிபார்த்துப் போட்டேன். விளக்கம் கேட்டு வந்த நோட்டீஸுக்கும் பதில் எழுதினேன். ரீஃபண்டு வந்தது. என் தொழிலில் அவ்வளவு கவனமாக நான் வேறெந்தக் கணக்கையும் போட்டதில்லை.

“வேலையில இருந்தப்ப இவ்வளவு வாங்கித் தரலியே மாமா” என்றாள் கோமதி.

விளையாட்டாகத்தான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

அந்தத் தொகையில் கடனின் ஒரு பகுதி அடைந்தது. மிச்சத்தை அண்ணாச்சியும் அவளுமாகக் கட்டுகிறார்கள். இப்போது அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்து, பைலட் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறாள். வானிலை, திசையறிதல், மனித உடல் என்று பல பாடம். சொந்தத் தொழில் என்பதால் இணையக் கட்டணம், கம்ப்யூட்டர், நாற்காலி, மின்சாரம் என எல்லாச் செலவையும் கழித்துத்தான் என் மருமகள் அவளுக்குக் கணக்குப் போடுகிறாள். பறந்த காலத்தில் கிடைக்காத கழிவெல்லாம் பறக்காத காலத்தில் கிடைக்கிறது. சட்டத்தில் இது சரி.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதற்குக் கழிவு உண்டு, எதற்கு இல்லை என்பது இரண்டு வருடத்தில் பழகிவிடும். கழிவு இல்லாத செலவைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். “வரியில வராது” என்று நாம் சொன்னதும் பாதிப்பேர் “அப்ப வேண்டாம்” என்று எழுந்துவிடுவார்கள். அவர்களை உட்கார வையுங்கள். வேலை நின்றால் வீடு எதில் ஓடும் என்று கேளுங்கள். எரிச்சல்படுவார்கள். படட்டும். சத்தம் போட வேண்டியிருந்தால் போடுங்கள்.

போன மாதம் மருமகள் கொடுத்த ஒரு தாளில் கோமதியிடம் கையெழுத்து வாங்க மாடிக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றேன். திரையில் காதின் உள்பகுதிப் படம்.

“மேகத்துக்குள்ள போயிட்டா வெளிய ஒண்ணுமே தெரியாது. விமானம் திரும்புற மாதிரி இருக்கும், நிஜத்துல நேராப் போய்க்கிட்டிருக்கும். அப்படித் தோண வைக்கிறது உங்க உட்காதுதான். அந்த நேரத்துல அதை நம்பாதீங்க. மீட்டரை மட்டும் பாருங்க” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு பையன் கேட்டான். “நம்ம காது சொல்றது பொய்யின்னு எப்படி மேடம் தெரியும்?”

கோமதி திரையிலிருந்த காதுப் படத்தைப் பார்த்தாள். பிறகு, “தெரியாது. அதனாலதான் இது கஷ்டமான பாடம்” என்று சொல்லி, அடுத்த படத்துக்குப் போனாள்.

நான் கையெழுத்து வாங்காமல் இறங்கி வந்துவிட்டேன்.